அரக்கோணம் ஓடுதளமும் டபோலிம் வரலாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை மாவட்ட மக்களுக்கு விமான வசதி வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழின் இதே பகுதியில் அண்மையில் எழுதியிருந்தார். கோவாவில் கடற்படைத் தளத்திலிருந்தே பயணிகள் விமானங்கள் பறக்கும்போது, அதைவிட நீளமான ஓடுதளம் உள்ள அரக்கோணத்தில் ஏன் பறக்கக் கூடாது என்று அவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. நான் கடற்படையில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தவர்கள் டீக்கடையிலும் மின்சார ரயிலிலும் இதே கேள்வியைப் பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நின்றபடியே இரண்டு வார்த்தையில் சொன்ன பதில் எனக்கே நிறைவளித்ததில்லை. அந்த இரண்டு தளங்களிலும் தரைப்பணியில் இருந்தவன் என்ற முறையில், சற்று விரிவாக எழுத இடம் கேட்கிறேன்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 1980-இல் கடற்படையில் சேர்ந்து, விமானப் பராமரிப்புப் பிரிவில் இருபது ஆண்டுகள் பணியாற்றி, சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்றேன். அந்த இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி கோவாவின் டபோலிமிலும், மீதியில் கணிசமான பகுதி அரக்கோணத்திலும் கழிந்தது. இப்போது அரக்கோணத்திலேயே குடியிருக்கிறேன்.

முதலில் கோவாவைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். டபோலிம் கடற்படை கட்டிய தளம் என்றும், அதில் பின்னாளில் பொதுமக்களுக்குப் பெரிய மனதுடன் இடம் கொடுத்தார்கள் என்றும் பலர் நினைக்கிறார்கள். நடந்தது அதற்கு நேர்மாறானது. 1950களில் கோவா போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. இந்திய அரசு பொருளாதாரத் தடை விதித்து, சாலையும் ரயிலும் அடைபட்டபோது, வெளியுலகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ள அவர்களுக்குக் கடலும் வானமும்தான் மிஞ்சின. அப்போதுதான் மர்மகோவா துறைமுகத்துக்கு மேலே உள்ள செம்புரைக்கல் மேட்டில் அந்த விமான நிலையத்தை அமைத்தார்கள். 1955 மே மாதம் அது திறக்கப்பட்டது. போர்ச்சுகீசிய இந்தியாவுக்கென்றே தொடங்கப்பட்ட ஒரு விமானப் போக்குவரத்து நிறுவனம் அங்கிருந்து டாமன், டையூ, கராச்சி என்று பயணிகளை ஏற்றிச் சென்றது. அதாவது டபோலிம் பிறந்தது பயணிகளுக்காக.

1961 டிசம்பர் 18 அன்று காலை, கோவா விடுதலை நடவடிக்கையின் தொடக்கத்தில், நமது விமானப்படையின் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் டபோலிம் ஓடுதளத்தைத் தாக்கின. ஓடுதளத்தை மட்டும் தாக்க வேண்டும், நிலையக் கட்டடத்தைத் தொடக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்டிருந்த கட்டளை. நாளைக்கு அந்தக் கட்டடம் நமக்கே வேண்டும் என்ற தொலைநோக்கு அந்தக் கட்டளையில் இருந்தது. அன்றிரவே, அங்கு நின்றிருந்த இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள், குண்டுபட்ட ஓடுதளத்தில் மிஞ்சிய நீளத்தைப் பயன்படுத்தி, விளக்கில்லாமல் எழும்பிக் கராச்சிக்குத் தப்பிச் சென்றன. நான் பணியில் சேர்ந்த காலத்திலும் மூத்த மாலுமிகள் இதை வியப்போடுதான் சொல்வார்கள். எதிரியின் விமானிகளாக இருந்தாலும், அந்தக் குழிகளுக்கிடையே விமானத்தை ஓட்டி எழுப்பியது சாதாரண காரியம் அல்ல.

1962 ஏப்ரலில், ராணுவ ஆளுநராக இருந்த மேஜர் ஜெனரல் கேண்டத்திடமிருந்து கடற்படை அந்தத் தளத்தைப் பெற்றுக்கொண்டது. இந்த இடத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா தளம் முதலில் அமைந்தது கோவாவில் அல்ல. 1961 செப்டம்பர் 5 அன்று கோயம்புத்தூரில், சூலூர் விமானத் தளத்தில். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அந்த ஆண்டுதான் நமக்குக் கிடைத்தது. அதிலிருந்து பறக்க வேண்டிய சீஹாக் விமானங்கள் கரைக்கு வந்தால் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கடலே இல்லாத கோயம்புத்தூரில் கடற்படை விமானங்களை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? கடலோரத்தில் ஒரு தளம் கைக்கு வந்ததும், 1964 ஜூனில் ஹன்சாவை டபோலிமுக்கு மாற்றினார்கள். சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1966-இல், ஓடுதளம் செப்பனிடப்பட்ட பின், இந்தியன் ஏர்லைன்ஸ் விமானங்கள் அங்கு வரத் தொடங்கின.

இந்த வரிசைதான் பின்னாளைய எல்லாத் தகராறுகளுக்கும் வேர். பயணிகளுக்காகக் கட்டப்பட்ட நிலையம், போரின் விளைவாகக் கடற்படையின் கைக்கு வந்தது. பயணிகள் விமானம் திரும்பி வந்தபோது, சொந்த வீட்டுக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம் வந்தவரைப் போல ஒரு மூலையில் இடம் பிடித்துக்கொண்டது. கட்டுப்பாட்டுக் கோபுரம், ஓடுதளம், நேரம் எல்லாம் கடற்படையுடையவை. போர்க்காலத்தில் அவசரமாகச் செய்துகொண்ட ஏற்பாடே அமைதிக்காலத்தின் நிரந்தர ஏற்பாடாகிவிட்டது. அறுபதுகளில் நாளைக்கு ஓரிரு விமானங்கள் வந்துபோன காலத்தில் யாருக்கும் இதில் இடைஞ்சல் இல்லை. எண்பதுகளின் பிற்பாதியில் ஐரோப்பாவிலிருந்து சுற்றுலாப் பயணிகளை நேரடியாகக் கொண்டுவரும் சார்ட்டர் விமானங்கள் தொடங்கியபோதுதான் நெருக்கடி புரிந்தது.

அப்போது நான் அங்கே இருந்தேன். 1983 டிசம்பரில் முதல் சீஹாரியர் விமானங்கள் வந்து இறங்கியதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்த விமானத்தின் எஞ்சின் வாய் அகன்றது, தரைக்கு அருகில் இருப்பது. சிறு கல்லோ, ஆணியோ, கம்பித் துண்டோ உள்ளே போனால் எஞ்சின் விசிறி நொறுங்கிவிடும். ஆகவே தினமும் விடியற்காலையில், சூரியன் மேலே வருவதற்கு முன்பே, நாங்கள் முப்பது நாற்பது பேர் ஒருவருக்கொருவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வரிசையாக நின்று, குனிந்த தலையோடு விமானப் பாதையை நடந்தே கடப்போம். கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்கி இடுப்பில் கட்டிய பையில் போட வேண்டும். கோவாவின் செம்புரைக்கல் மழையில் கரைந்து பொடிக்கல்லாக உருண்டு வரும். மழைக்காலத்தில் பை நிறைந்துவிடும்.

ஒரு நாள் அப்படி நடந்தபோது என் காலருகே பித்தளையில் ஒன்று மின்னியது. எடுத்துப் பார்த்தால் பயணப் பெட்டியில் தொங்கவிடும் சின்னப் பூட்டு. சாவி அதிலேயே இருந்தது. முந்தைய இரவு பயணிகள் விமானத்துக்குச் சுமை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். எங்கள் அதிகாரி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யாரையும் திட்டாமல், “இது ஒன்று போதும், ஒரு விமானத்துக்கும் ஒரு விமானிக்கும்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பூட்டைத் தவறவிட்ட பயணிமீது எந்தத் தப்பும் இல்லை. சுமை ஏற்றிய தொழிலாளியும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஒரே தரையை இரு வேறு தொழில்கள் பகிர்ந்துகொண்டால் என்ன நேரும் என்பதை எந்த விதிப்புத்தகத்தைக் காட்டிலும் அந்தப் பூட்டு எனக்குத் தெளிவாகக் காட்டியது.

நேரத்தின் கதையும் இப்படித்தான். கடற்படை விமானிக்குப் பயிற்சி என்பது ஒருமுறை எழும்பி ஒருமுறை இறங்குவது அல்ல. வட்டமடித்து வந்து, சக்கரம் தரையில் பட்டதும் மறுபடி எழும்பி, மறுபடி வட்டமடித்து, ஒரே காலைப் பொழுதில் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கப்பலின் சின்னஞ்சிறு தளத்தில் இறங்கப் போகிறவனுக்குத் தரையில் அந்தப் பழக்கம் ஊறியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நூற்றைம்பது பேரைச் சுமந்துகொண்டு ஒரு பயணிகள் விமானம் இடையில் வந்தால், இருவரில் ஒருவர் காத்திருக்க வேண்டும். அதனால் வார நாட்களில் முற்பகல் நேரம் நெடுங்காலம் கடற்படைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. பயணிகள் விமானங்கள் பிற்பகலிலும் இரவிலும் வந்து நெரிந்தன. கோவாவின் விடுதிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் கடற்படையைக் குறை சொன்னார்கள். தளத்துக்குள்ளே இருந்த நாங்கள் அவர்களைக் குறை சொன்னோம். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை வேலையை விட்டு வெளியே வந்த பிறகுதான் என்னால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. 2013-இல் டபோலிமில் புதிய பெரிய முனையம் கட்டினார்கள். ஆனால் முனையத்தைப் பெரிதாக்கலாமே தவிர, ஓடுதளம் ஒன்றுதானே? கடைசியில் வடகோவாவில் மோபா என்ற இடத்தில் இன்னொரு விமான நிலையம் கட்டி, 2023 ஜனவரி 5 முதல் அங்கே விமானங்கள் பறக்கின்றன. ஒரு தளத்தைப் பகிர்ந்துகொண்டதன் சிரமத்துக்குத் தீர்வாக இன்னொரு தளம் வேண்டியதாயிற்று என்பதை, அரக்கோணத்துக்குக் கோவாவை உதாரணம் காட்டுகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி அரக்கோணத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர்கள் அமைத்த பழைய ஓடுதளம் இருந்த இடத்தில், கடற்படை ஒரு பெரிய தளத்தைக் கட்டியது. 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அன்றைக்கு இது வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டமாயிற்று; 2019 நவம்பரிலிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். மாவட்டத்தின் பெயர் இரண்டு முறை மாறியும் தளத்தின் பெயர் ஒன்றே: ராஜாளி. வல்லூறு இனத்தைச் சேர்ந்த வேட்டைப் பறவையின் தமிழ்ப் பெயரை இந்தியக் கடற்படை தன் தளத்துக்கு வைத்தது எங்களுக்கெல்லாம் அன்று பெருமையாக இருந்தது. பின்னர் ராமநாதபுரத்துக்கு அருகே உச்சிப்புளியில் 2009-இல் அமைந்த தளத்துக்கும் பருந்து என்றே பெயரிட்டார்கள்.

ராஜாளியின் ஓடுதளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு நீளம் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வேன்: டுபோலெவ். 1988-இல் சோவியத் ரஷ்யாவிலிருந்து வந்த டி.யு.-142 ரக ரோந்து விமானங்கள் முதலில் டபோலிமில்தான் நின்றன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறிகள். ஒரு விமானம் கிளம்பினால் அடிவயிறு அதிரும். வயிறு நிறைய எண்ணெய் ஏற்றிக்கொண்டு, நாள் முழுவதும் இந்துமாக்கடல் மேல் சுற்றி வர வேண்டிய விமானம் அது. 1992-இல் அந்தப் படைப்பிரிவு அரக்கோணத்துக்கு வந்தது. அதோடு சேர்ந்துதான் நானும் என் குடும்பமும் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி வந்தோம். அதே ஆண்டு கொச்சியிலிருந்து ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் இங்கே மாறியது. டுபோலெவ் விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று விடைபெற்றன. அதற்கு முன்பே 2013-இல் பி-8ஐ விமானங்கள் வந்துவிட்டன. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது அவற்றின் வேலை. 2020 முதல் ஆளில்லா விமானங்களும் இங்கிருந்து பறக்கின்றன. ஓடுதளம் காலியாகக் கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ரோந்துக்குப் போன விமானம் எந்த நேரத்தில் திரும்பும், எந்த நேரத்தில் புறப்படும் என்பதை அட்டவணை போட்டுப் பலகையில் எழுதி வைக்க முடியாது. ஹெலிகாப்டர் பழகும் பிள்ளைகள் காலையிலிருந்து அந்த வானத்தில்தான் இருக்கிறார்கள். டபோலிமில் முப்பது ஆண்டுகள் நடந்த இழுபறியை இங்கே கொண்டுவந்து நட்டால், கடற்படைக்கும் நிம்மதி இருக்காது, பயணிக்கும் நேரத்துக்கு விமானம் இருக்காது.

ஆகவே, அரக்கோணத்தில் அன்றாடப் பயணிகள் விமானம் வேண்டும் என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் இந்த ஓடுதளம் மக்களுக்குப் பயன்படவே கூடாது என்று சொல்கிறவனும் அல்லன். நான் கேட்பது வேறொன்று. அதைச் சொல்ல 2015 டிசம்பருக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் புகுந்தது. அங்குள்ள இரண்டாவது ஓடுதளம் ஆற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டது என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். நிலையம் 6-ஆம் தேதி வரை பயணிகளுக்கு மூடியே கிடந்தது. டிசம்பர் 3 அன்று பிரதமர் வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட வந்தபோது இறங்கியது அரக்கோணத்தில். அதையொட்டி, சென்னையில் சிக்கிக்கொண்ட பயணிகளை வெளியூர்களுக்கு அனுப்ப ராஜாளியின் ஓடுதளத்தைக் கடற்படை திறந்துவிட்டது. சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரம் பேருந்துகளில் பயணிகள் வந்தார்கள். ராணுவத் தளம் ஒன்று ஓரிரு நாட்களுக்குள் பொது விமான நிலையமாக மாறியது. இது எவ்வளவு பெரிய காரியம் என்பது உள்ளே வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். பயணிகள் ஏறி இறங்கும் படிக்கட்டு வண்டி, பெட்டிகளை எடைபோடும் தராசு, சோதனைக் கருவி, அதை இயக்கத் தெரிந்த ஆட்கள், பயணிகள் விமானத்தைத் தரையில் இழுத்துச் செல்வதற்கேற்ற இழுவைக் கம்பி என்று ஒவ்வொன்றும் ஒரு போர்த்தளத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லாதவை.

அந்த நாட்களில் ஒரு மாலை என் தங்கை மகள் சென்னையிலிருந்து பேசினாள். ஹைதராபாத்தில் புது வேலையில் சேர வேண்டிய பெண். “மாமா, விமானம் அரக்கோணத்திலிருந்து போகுமென்று செய்தி வந்திருக்கிறது. அரக்கோணத்தில் ஏர்போர்ட் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். அவள் பயணச்சீட்டு வாங்கியிருந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அது அனுப்பிய குறுஞ்செய்தியில் ஊர்ப்பெயரும் விமானம் புறப்படும் நேரமும் மட்டுமே இருந்தன. எந்த வாயிலுக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. பேருந்தைத் தவறவிட்ட அவளை ஒருவழியாக ஜங்ஷனுக்கு வரச் சொல்லி, என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் தண்ணீர். நேவி கேட் என்று ஊரில் சொல்லும் இடத்துக்குச் சற்று முன்னால், பெட்டி படுக்கையோடு பதினைந்து இருபது பேர் ஒரு புளியமரத்தடியில் நனைந்தபடி நின்றிருந்தார்கள். அவர்களில் கைக்குழந்தையோடு ஒரு தாய். வேலூரில் சிகிச்சை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும். அவர்கள் வங்காளம் பேசுகிறவர்கள்; நான் கப்பற்படையில் கற்ற இந்தியில் பேசியதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவரின் வயிற்றில் கட்டு. உட்கார ஒரு கல் கூட ஈரமில்லாமல் இல்லை. வாயிற்காவலில் இருந்த இளம் மாலுமி தன் இருக்கையையே வெளியே கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைத்தான். குடிக்கத் தண்ணீரும் பிஸ்கட்டும் உள்ளேயிருந்து வந்தன. அந்தப் பிள்ளைகள் தங்கள் சக்திக்கு மீறியே செய்தார்கள். குறை அவர்களிடம் இல்லை. பொதுமக்கள் வந்தால் எங்கே நிற்பது, யார் பெயரைச் சரிபார்ப்பது, யார் பதில் சொல்வது என்று முன்கூட்டியே யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை. என் தங்கை மகள் அன்றிரவு புறப்பட்டுப் போனாள். அந்தப் பெரியவர் எப்போது புறப்பட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் திரும்பும்போதும் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து இதே நிலை கேரளத்துக்கு வந்தது. கொச்சியிலும் பழைய விமானத் தளம் கடற்படையுடையதுதான். துறைமுகத்தைத் தோண்டிய மண்ணைக் கொண்டு உருவாக்கிய வில்லிங்டன் தீவில் அது இருக்கிறது. 1953-இல் அங்கே ஐ.என்.எஸ். கருடா அமைந்தது. 1999 ஜூனில் நெடும்பாசேரி நிலையத்துக்கு மாறும் வரை, பல பத்தாண்டுகள் கடற்படையும் பயணிகளும் அந்த ஓடுதளத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 2018 ஆகஸ்ட் 15 அன்று பெரியாற்று வெள்ளத்தில் நெடும்பாசேரி மூடப்பட்டது. ஆகஸ்ட் 20 அன்று காலை பெங்களூரிலிருந்து ஒரு சிறிய ஏ.டி.ஆர். விமானம் கருடாவில் வந்து இறங்கியது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு பயணிகள் விமானம் அந்த இடத்தில் இறங்கியது அன்றுதான். நெடும்பாசேரி மீண்டும் திறந்த 29-ஆம் தேதி வரை அந்த வழி கைகொடுத்தது. நிரந்தரமாகப் பகிர்ந்து பகிர்ந்து அலுத்துப்போய்ப் பிரிந்த இரு குடித்தனக்காரர்கள், ஆபத்துக் காலத்தில் மறுபடி ஒரே கூரையின் கீழ் வந்த மாதிரி அது. விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஆகிய இடங்களிலும் கடற்படையின் ஓடுதளமே பயணிகளின் ஓடுதளமாகவும் இருக்கிறது. அவற்றின் கதை வேறு, இங்கே விரிக்கவில்லை.

நான் கேட்பது கொச்சியைப் போன்ற ஏற்பாடுதான், அதையும் வெள்ளம் வருவதற்கு முன்பே. மீனம்பாக்கம் மூடப்படுவது 2015-ஓடு முடிந்துவிடவில்லை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் அது மறுநாள் காலை வரை மூடப்பட்டு, வர வேண்டிய விமானங்கள் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் திருப்பி விடப்பட்டன. வேலூருக்கு அருகே அப்துல்லாபுரத்தில் உள்ள நிலையத்தை, சிறு ஊர்களுக்கும் விமான வசதி தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். நல்லது, ஆனால் அது சிறு விமானங்களுக்கானது. பெரிய ஜெட் விமானம் இறங்கத் தக்க நீளமும் உறுதியும் உள்ள ஓடுதளம் வடாற்காடு முழுவதற்கும் ராஜாளி ஒன்றுதான். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியனும் அரக்கோணத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து 69 கிலோமீட்டரில் அரக்கோணம் ஜங்ஷன், அங்கிருந்து 61 கிலோமீட்டரில் காட்பாடி. வெள்ளக் காலத்தில் சென்னைக்குப் போக முடியாமல் தவிக்கும் வேலூர் மருத்துவமனை நோயாளிகளுக்கு இதைவிட அருகில் ஒரு வாசல் கிடையாது.

இதற்குத் தேவை பெரிய கட்டடமோ நிலம் கையகப்படுத்துதலோ அல்ல. கடற்படை, விமான நிலைய ஆணையம், மாநில அரசு ஆகிய மூவரும் உட்கார்ந்து, மீனம்பாக்கம் இத்தனை மணி நேரத்துக்கு மேல் மூடப்பட்டால் ராஜாளி எந்த நேரங்களில், எத்தனை விமானங்களுக்குத் திறக்கப்படும் என்பதை ஓர் ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். கடற்படைக்குப் பணி இருக்கும் நேரத்தில் மறுக்கும் உரிமையும் அதிலேயே இருக்கட்டும். டபோலிமில் நேரம் பற்றி முதலிலேயே பேசாமல் விட்டதுதான் பின்னாளில் கசப்பாயிற்று என்பது என் கருத்து. பயணிகளை மதில் சுவருக்குள் கூட்டிச்சென்று காக்க வைப்பது பாதுகாப்புக்கும் உகந்ததல்ல, பயணிகளுக்கும் வசதியல்ல. ஆகவே ஜங்ஷனுக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தையோ கல்யாண மண்டபத்தையோ காத்திருப்பு இடமாக முன்கூட்டியே குறித்து வைத்து, பெயர் சரிபார்ப்பும் பெட்டிச் சோதனையும் அங்கேயே முடித்து, அங்கிருந்து நேராக விமானத்தின் படிக்கட்டுக்குப் பேருந்தில் கொண்டுபோய் விட வேண்டும். அந்த மண்டபத்தில் கழிப்பறையும், சக்கர நாற்காலியும், நோயாளி படுக்க நாலு கட்டிலும் இருக்க வேண்டும். படிக்கட்டு வண்டியும் தராசும் சோதனைக் கருவியும் எங்கிருந்து, யார் பொறுப்பில், எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்பதும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில், ஒரு வெற்று விமானத்தை வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். ஒத்திகையில்தான் எது இல்லை என்பது தெரியும். எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும், விமானத்தருகே கொண்டுபோய் மாட்டும் அன்றுதான் இழுவைக் கம்பியின் கொக்கி பொருந்தவில்லை என்பது தெரிய வரும். பராமரிப்பில் இருபது ஆண்டுகள் இருந்தவன் சொல்கிறேன்.

ராணிப்பேட்டை, வேலூர் மாவட்ட ஆட்சியர்கள் இந்த மழைக்காலத்துக்கு முன்பே இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இதே செய்தியை மனுவாக எழுதி இரு அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். டபோலிமிலோ அரக்கோணத்திலோ பணியாற்றி ஓய்வுபெற்று நம் மாவட்டங்களில் வாழும் முன்னாள் மாலுமிகள் பலர் இருக்கிறார்கள். காத்திருப்பு இடத்தில் மக்களுக்கு வழிகாட்டவும், இந்தியிலோ வங்காளத்திலோ பேசவும் ஆட்கள் வேண்டும் என்று கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறோம். முதல் ஆளாக என் பெயரை மனுவிலேயே எழுதியிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கடற்படை விமானப் பராமரிப்பாளர்,
அரக்கோணம்.